ஓதம் ஏறும் வீடுகள்

மத்தியதரைக் கடலோரத்து வில்லாவைக் கொச்சிக் காயல் கரையில் கொண்டுவந்து நட ஆசைப்படுகிறது புதிய பணம். ஆனால் மழையும் வேலியேற்றமும் உப்புக் காற்றும் அதை ஏற்பதாக இல்லை. பழைய கொச்சியோ இந்தச் சிக்கலுக்கு எப்போதோ விடை கண்டிருந்தது.

கார்த்திகை மாதத்து விடியற்காலை. பள்ளுருத்தியின் தாழ்வான தெருக்களில் ஒரு சொட்டு மழை இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. ஆனாலும் வாசலில் தண்ணீர். வாய்க்கால் வழியாக வந்து, முற்றத்தில் பரவி, முதல் படியை நனைத்துக்கொண்டு நிற்கிறது. கோலம் போட இடமில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிறார்கள் பிள்ளைகள்.

மலையாளிகள் இதை வேலியேற்றம் என்கிறார்கள். விருச்சிகத்தில், அதாவது நம் கார்த்திகையில், தொடங்கித் தை வரை கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும். சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். உப்பு மட்டும் தங்கிவிடும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்கிறது; கதவு நிலைகள் மக்குகின்றன; முற்றத்து வாழை கருகுகிறது.

தமிழில் ஓதம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடல் பொங்கி ஏறுவதும் ஓதம். சுவரில் ஊறும் ஈரமும் ஓதம். இரண்டும் ஒன்றே என்பதைப் பள்ளுருத்தியில் குடியிருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேற்கே அரபிக் கடல், கிழக்கே வேம்பநாட்டுக் காயல். நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டில், மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் தெற்கே இருக்கிறது பள்ளுருத்தி. 1967-இல் கொச்சி மாநகராட்சி உருவானபோது அதில் இணைந்த பஞ்சாயத்துகளில் இதுவும் ஒன்று. இங்கிருந்து சற்றுத் தள்ளிப் போனால் கும்பளங்கி, செல்லானம் என்று கிராமங்கள். பொக்காளி நெல்லும் இறாலும் மாறிமாறி விளையும் உப்பு வயல்கள்.

தண்ணீரோடு இப்படித் தினமும் வழக்காடும் இந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் கடந்த சில பத்தாண்டுகளாக ஒரு புதிய கனவு விற்பனைக்கு வந்திருக்கிறது. வெள்ளைச் சுவர், தட்டையான மொட்டை மாடி, நீல நிற நீச்சல் குளம், வளைவு வாசல், காயலைப் பார்த்த கண்ணாடி ஹால். விளம்பரத் தாள்கள் இதற்கு வைக்கும் பெயர் 'மெடிட்டரேனியன் வில்லா'. வளைகுடாவில் சம்பாதித்தவரும் பெங்களூரில் சம்பாதிப்பவரும் ஆசையோடு பார்க்கும் படம் அது.

படத்தில் ஒரு குறையும் இல்லை. படத்துக்குள் மழை பெய்வதில்லை என்பதுதான் சிக்கல்.

சிக்கனத்தில் பிறந்த அழகு

மத்தியதரைக் கடலோரத்து வீடு ஆடம்பரத்துக்காகப் பிறந்ததல்ல. கிரேக்கத்தின் சான்டொரினித் தீவில் எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து ஏழைகள் அமைத்த குகை வீடுகளைத்தான் இன்று உலகமே படம் பிடிக்கிறது. மரம் கிடைக்காத தீவு என்பதால் கூரை வளைவாகக் கட்டப்பட்டது. வெயிலைத் திருப்பி அனுப்பச் சுவரில் சுண்ணாம்பு. தண்ணீர் பஞ்சம் என்பதால் மாடியில் விழும் மழை ஒவ்வொரு துளியும் தொட்டிக்குப் போனது.

மால்ட்டா தீவின் தலைநகரான வாலெட்டா 1566-இல் நிறுவப்பட்டபோது, ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர்த் தொட்டி இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்குவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய கதை இது. ஸ்பெயினின் தெற்கில் கோர்தோவா நகர வீடுகளோ நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்தவை. தெருவுக்கு முதுகைக் காட்டி, உள்ளே கிணறும் செடியும் நிழலுமாகக் குளிர்ச்சியைப் பதுக்கி வைத்தவை.

இந்த வடிவங்கள் அனைத்தும் ஒரே தட்பவெப்பத்தின் பிள்ளைகள். அங்கே கோடையில் மழை கிடையாது. குளிர்காலத்தில்தான் கொஞ்சம் பெய்யும். ஏதென்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 400 மில்லிமீட்டர். காற்று வறண்டது, பகல் சுட்டாலும் இரவு குளிரும். எனவே தடித்த சுவர் இரவின் குளிரைச் சேமித்து வைத்துப் பகலில் செலவு செய்கிறது. சின்ன ஜன்னல் வெயிலைத் தடுக்கிறது. கடலும் பெரும்பாலும் சாது: அதன் பெரும்பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு முழத்தைத் தாண்டாது. தண்ணீரின் ஓரத்திலேயே வாசற்படியை வைத்தாலும் பயமில்லை.

ஆடம்பரம் பிறகுதான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை வந்ததும் வட ஐரோப்பியச் செல்வந்தர்கள் குளிர்காலத்தைக் கழிக்கப் பிரான்சின் தென்கரைக்கு வந்து குவிந்தார்கள். ராத்ஸ்சைல்டு குடும்பத்துப் பெண்மணி ஒருவர் காப் ஃபெராவில் 1912-இல் முடித்த இளஞ்சிவப்பு மாளிகை அந்தக் காலத்தின் அடையாளம். இன்று அது அருங்காட்சியகம். 'வில்லா' என்ற சொல்லோடு நம் மனதில் ஒட்டிக்கொண்ட பளபளப்பு இந்தக் கரையிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அதே கரையில் வேறொரு பாடமும் இருக்கிறது. சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்பூசியே, ரொக்ப்ருன் காப் மார்த்தானில் தனக்கென்று கட்டிக்கொண்டது ஒரே ஓர் அறை. நீளம் 3.66 மீட்டர், அகலமும் அதேதான்: பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. 1952-இல் முடிந்த அந்த மரக் குடிலில்தான் அவர் கோடைகளைக் கழித்தார். 1965-இல் அதற்குக் கீழே உள்ள கடலில் நீந்தும்போதுதான் இறந்தார். உலகத்துக்கே கட்டடம் கட்டிக் கொடுத்தவருக்குக் கடலைப் பார்க்க ஒரு ஜன்னல் போதுமாக இருந்தது.

கொச்சி ஏற்கெனவே பார்த்ததுதான்

மத்தியதரைக் கடல் பக்கத்து வீட்டுக் கலை கொச்சிக்கு வருவது இது முதல் தடவை அல்ல. 1503-இல் போர்ச்சுகீசியர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1492-இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களில் சிலர் அடுத்த நூற்றாண்டில் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் அவர்களுடைய பரதேசி யூதக் கோயில் 1568-இல் எழுந்தது. ஐபீரிய நாட்டு முற்றத்தையும் வளைவையும் சுண்ணாம்புப் பூச்சையும் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

ஆனால் அந்த வீட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து அவர்கள் இங்கே வைக்கவில்லை. முதல் இடவப்பாதியே, அதாவது முதல் தென்மேற்குப் பருவமழையே, அந்த யோசனையைக் கரைத்திருக்கும். கொச்சியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஏதென்ஸைப் போல் ஏழு மடங்குக்கும் மேல். சென்னையைப் போல் இரு மடங்கு. அதிலும் பெரும்பகுதி ஜூன் தொடங்கிச் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்த்தால் சமரசம் புரியும். 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைச் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தடித்த வெள்ளைச் சுவரும் வளைவுகளும் ஐரோப்பாவுடையவை. உடலமைப்போ கேரளத்து நாலுகெட்டு. நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். தலைக்கு மேலே சரிவான ஓட்டுக் கூரை. முற்றம் என்பது இரு கரைக்கும் பொதுவான சொத்தாக இருந்ததால் ஒட்டுப்போட்ட தடம்கூடத் தெரியவில்லை.

சுண்ணாம்பும் அப்படித்தான். அங்கே பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இங்கே வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சலைச் சுட்டார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு நீராவியை உள்ளேயே அடைத்து வைக்காது. மழையில் நனையும், வெயிலில் காயும், மூச்சு விடும். வருடத்துக்கு ஒரு தடவை வெள்ளையடித்தால் போதும். அந்தக் கிளிஞ்சலைக் கொண்டே பிற்காலத்தில் கோட்டயம் பக்கத்துத் தொழிற்சாலை வெள்ளைச் சிமெண்டு செய்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய பண்டகசாலைகள் இன்னொரு கடலோர நகரத்தை நினைவூட்டுகின்றன. மத்தியதரைக் கடலின் வட கோடியில் இருக்கும் வெனிஸ் பெரிய ஓதத்துக்குப் பழகியது. அங்கே வியாபாரிகள் தரைத்தளத்தைப் படகுக்கும் சரக்குக்கும் விட்டுவிட்டு மாடியில் குடியிருந்தார்கள். மட்டாஞ்சேரியிலும் கீழே மிளகும் சுக்கும், மேலே குடும்பம் அல்லது கணக்குப்பிள்ளை, பின்னால் படகுத்துறை. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரின் நிபந்தனை ஒன்றாக இருந்தது. விடையும் ஒன்றாக அமைந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். செட்டிநாட்டு நகரத்தார் இத்தாலியச் சலவைக்கல்லும் பர்மாத் தேக்கும் இறக்கினார்கள். ஆனால் வானத்தைப் பார்த்த முற்றத்தையும், மழையைத் தொட்டிக்கு அனுப்பும் கூரைச் சரிவையும் விட்டுக்கொடுக்கவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்தரமும் சேர்ந்த 'மெட்ராஸ் டெரஸ்' என்ற தட்டைக் கூரை, பெயருக்கேற்ப மெட்ராஸுக்குப் பொருந்தியது. மலபார் கரைக்கு அது சரிப்படவில்லை. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் சிவப்பு ஓடுதான் அந்தக் கரை முழுவதையும் மூடியது.

தொப்பி போட்ட வில்லா

இத்தனை பாடமும் கண்ணெதிரே இருக்க, புதிய வில்லா மறுபடியும் தட்டைக் கூரையில் தொடங்குகிறது. முதல் மழைக்காலத்தில் மாடியில் தண்ணீர் தேங்குகிறது. இறவாரம் இல்லாத வெள்ளைச் சுவரில் சாரல் நேராக அடிக்கிறது. இரண்டாவது மழைக்காலத்தில் கைப்பிடிச் சுவரிலிருந்து கருப்புப் பாசி கோடுகோடாக இறங்குகிறது. மூன்றாவதில் படுக்கையறை விட்டத்தில் ஓதம்.

பிறகு நடப்பதைக் கேரளத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மொட்டை மாடிக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்துத் தகரக் கூரை போடுகிறார்கள். உள்ளூரில் 'டிரஸ் ஒர்க்' என்று பெயர். சான்டொரினியிலிருந்து இறங்கிய வீட்டுக்கு லட்சக்கணக்கில் செலவழித்து மலையாளத் தொப்பி. முதலிலேயே ஓட்டுக் கூரை போட்டிருந்தால் மிஞ்சியிருக்கும் பணம்.

தடித்த சுவரும் சிறிய ஜன்னலும் இங்கே வேறு விதமாகப் பழிவாங்குகின்றன. கொச்சியில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. சேமித்து வைக்கக் குளிர்ச்சியே கிடையாது. காற்றில் எப்போதும் ஈரம். உடம்புக்கு இங்கே வேண்டியது காற்றோட்டம். எதிரெதிர் ஜன்னல் இல்லாத அறையில் அலமாரித் துணி பூஞ்சை பிடிக்கிறது. கண்ணாடி ஹாலோ இதற்கு நேர்மாறான தவறு. மாலை வெயிலை உள்ளே வாங்கி அடைத்து வைத்து, ஏ.சி. இயந்திரத்தை ஓய்வில்லாமல் ஓட விடுகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது. கடற்காற்றின் உப்பு நுண்துளை வழியாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. வீங்கும்போது கான்கிரீட்டைப் பிளக்கிறது. அதனால்தான் கடலோரக் காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காப்பு இருக்க வேண்டும், தரம் எம்-30-க்குக் குறையக் கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதித் தொகுப்பு. நீச்சல் குளத்து ஓட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் செலவழிக்கிறவர்கள் இந்த 45 மில்லிமீட்டரைப் பற்றிக் கேட்பதே இல்லை.

கீழிருந்து வரும் தண்ணீர்

மழை மேலிருந்து வரும் எதிரி என்றால், காயல் கீழிருந்து வருவது. கொச்சித் துறைமுகத்தில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டரைத் தொடும். மண்ணும் கெட்டியல்ல, இந்த வட்டாரத்தின் பல பகுதிகளில் மென்மையான கடற்களிமண் கிடக்கிறது. பெரிய கட்டடம் என்றால் பல இடங்களில் 30 மீட்டருக்கும் ஆழமாகத் தூண் இறக்கியாக வேண்டும்.

ஓதம் ஏறும்போது அந்தத் தண்ணீருக்கு ஓர் இடம் வேண்டும். அதைத்தான் பொக்காளி வயல்களும் வாய்க்கால்களும் கொடுத்துவந்தன. மழைக்காலத்தில் உப்பு தாங்கும் நெல், அறுவடைக்குப் பிறகு மதகைத் திறந்து இறால். இந்த ஏற்பாட்டில் வயல் ஒரு விளைநிலம் மட்டுமல்ல, ஊரின் வடிகால் தொட்டியும்கூட. ஒரு வயலை லாரி மண் கொட்டி மேடாக்கி வில்லா எழுப்பும்போது அந்த வீட்டுக்குள் தண்ணீர் வராது. வழக்கமாக அங்கே நின்ற தண்ணீர் பக்கத்துச் சின்ன வீட்டின் அடுப்படிக்குப் போகிறது. நெல்வயலையும் ஈரநிலத்தையும் காக்கக் கேரளம் 2008-இல் தனிச் சட்டமே இயற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் பக்கம் இன்னும் கடுமை. 2017-இன் ஒக்கிப் புயலிலும் 2021-இன் தவுக்தே புயலிலும் செல்லானத்து வீடுகளுக்குள் கடல் புகுந்தது. பிறகு 344 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிச் சுவர் கட்டப்பட்டது. சுவர் இருக்கும் இடத்தில் நிம்மதி. முடியும் இடத்தில் அடுத்த ஊரின் கவலை தொடங்குகிறது.

இத்தனை தண்ணீருக்கு நடுவில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதுதான் உச்சகட்ட முரண். 2023 பிப்ரவரியில் பிறவம் அருகே பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதானபோது, பள்ளுருத்தி உள்ளிட்ட மேற்குக் கொச்சியில் பெண்கள் பல நாட்கள் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றார்கள். ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர மீட்டர் கூரையில் 3000 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஆண்டுக்கு 3 லட்சம் லிட்டர். மால்ட்டாவில் அதே கூரைக்குக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கொஞ்சத்துக்கே தொட்டி கட்டிக் காத்தார்கள் அவர்கள். கொச்சியின் வில்லாக்களோ அந்தக் கரையின் நீல நிறத்தை இரவல் வாங்கிவிட்டு, தொட்டியை அங்கேயே விட்டு வந்துவிட்டன.

மரடு சொன்ன தீர்ப்பு

பள்ளுருத்திக்குக் கிழக்கே காயலைத் தாண்டினால் மரடு. கடலோர ஆசைக்கு இந்தியா கொடுத்த மிகப் பெரிய விலை அங்கேதான் எண்ணிவைக்கப்பட்டது. 2006-இல் உள்ளூர்ப் பஞ்சாயத்து கொடுத்த அனுமதியை நம்பிக் காயல் ஓரத்தில் ஆடம்பர அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றில் ஒன்று தண்ணீரின் ரசாயனப் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. அனுமதி கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியது என்று வழக்கு நடந்தது. 2019 மே 8-ஆம் தேதி, கட்டடங்களை இடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகளும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் விழச் சில நொடிகள்தான் ஆயின. டிவியில் நாடே பார்த்தது. வாங்கியவர்களில் ஆயுள் சேமிப்பைப் போட்ட ஓய்வுபெற்றவர்களும் வெளிநாட்டில் உழைத்தவர்களும் இருந்தார்கள். இடைக்கால நிவாரணமாக ஃபிளாட்டுக்கு 25 லட்சம் ரூபாய் தர நீதிமன்றம் சொன்னது. வாங்கும்போது அவர்கள் பார்த்தது பத்திரத்தையும் காயல் காட்சியையும். ஓதம் எதுவரை ஏறும் என்று கோடு போட்ட வரைபடத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அந்தக் கோட்டின் பெயர் உயர் ஓத எல்லை. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அதிலிருந்துதான் எல்லாத் தூரத்தையும் அளந்தது. 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன; மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 2019 அறிவிக்கை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. சட்டம் பின்வாங்கலாம், கடல் பின்வாங்கியதாகச் செய்தி இல்லை.

வில்லாக்களின் தாய்நாடும் இதே பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. கரை முழுவதும் கான்கிரீட் மண்டிய பிறகு, 1986-இல் பிரான்ஸ் தன் கடலோரச் சட்டத்தை இயற்றியது. ஊர் எல்லைக்கு வெளியே கரையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது என்றது அது. ஸ்பெயின் 1988-இல் கடற்கரையைப் பொதுச் சொத்தாக வரையறுத்தது. விளம்பரத்தில் இருக்கும் அந்தக் காட்சியை அந்தக் கரையிலேயே இன்று நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது.

இத்தாலிக் கனவு, இலங்கை விடை

அப்படியானால் அழகான கனவைக் கைவிடுவதுதான் வழியா? இல்லை என்கிறது இலங்கையின் ஜெஃப்ரி பாவாவின் வாழ்க்கை. வக்கீலாகப் படித்த பாவா இத்தாலியில் மயங்கி, அங்கேயே ஒரு வில்லா வாங்கிக் குடியேற நினைத்தவர். அது கைகூடாமல் 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் லுணுகங்கை என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கினார். இத்தாலியத் தோட்டத்தை அங்கே உருவாக்கப் போய், அதற்காகவே கட்டடக் கலை படித்து, 1957-இல் கட்டடக் கலைஞரானார்.

இத்தாலியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது முற்றத்தையும், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கண்ணை இழுத்துச் செல்லும் வித்தையையும். கூரையைப் பருவமழையிடம் கேட்டுப் போட்டார்: அகன்ற இறவாரம், அரைவட்ட நாட்டு ஓடு, ஒழுகாமலிருக்க அதற்கடியில் சிமெண்டுத் தகடு. வெப்பமண்டல நாடுகளில் இன்று நட்சத்திர ஹோட்டல்கள் விற்கும் சுகத்துக்கு அந்தப் பாணி ஒரு முன்னோடி. 2003-இல் மறைந்த பாவா எழுபதுகளில் மதுரையிலும் ஒரு கிளப் கட்டடம் வடிவமைத்தார் என்பது பலருக்குத் தெரியாது.

கேரளத்துக்கு லாரி பேக்கர் வாய்த்தார். பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் அங்கேயே மறைந்த அவர், ஜன்னல் செலவைக் குறைக்கச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடைச் சுவர் கட்டினார். காற்று வரும், வெயில் பொடிப்பொடியாகச் சிதறி விழும். கான்கிரீட் கூரைக்குள் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் மிச்சப்படுத்தினார். பூச்சு இல்லாத செங்கல் சுவரில் பாசி படிந்தால் அது வயதாகத் தெரியும். வெள்ளை வில்லாவில் படிந்தால் நோயாகத் தெரியும்.

ஃபோர்ட் கொச்சியின் பழைய வீடுகளே இதற்கு மூன்றாவது சாட்சி. டச்சு, ஆங்கிலேய காலத்துப் பங்களாக்கள் பல இன்று விலையுயர்ந்த விடுதிகள். ஆஸ்பின்வால் ஹவுஸும், முற்றத்தைச் சுற்றிய மிளகுக் கிடங்கான பெப்பர் ஹவுஸும், 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் கலைக் கண்காட்சியால் உலகப் புகழ் பெற்றன. வெளிநாட்டார் பெரும் வாடகை கொடுத்துத் தேடி வருவது உயர்ந்த விட்டத்தையும், ஓட்டுக் கூரையையும், தாழ்வாரத்து நாற்காலியையும், மழை கொட்டும் முற்றத்தையும். அந்த விடுதிகளின் விரிப்புகளில் பல, வெளி என்னும் இடத்தில் தலைமுறைகளாகத் துவைக்கும் தமிழ் வண்ணார்களின் கையால் வெளுத்து, வெயிலில் காய்ந்து வருகின்றன. மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வந்த பயணி கொச்சியில் தேடுவது கொச்சி வீட்டைத்தான். கொச்சிக்காரர்தான் அவருடைய வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கடலோரத்தில் வீடு வாங்குமுன்

● உயர் ஓத எல்லையிலிருந்து மனை எத்தனை மீட்டர், எந்தக் கடலோர மண்டலத்தில் வருகிறது என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வரைபடத்தில் பாருங்கள். உள்ளாட்சி அனுமதி மட்டும் போதாது என்பதே மரடு தந்த பாடம்.

● மனை முன்பு வயலா, ஈரநிலமா என்று வருவாய்ப் பதிவேட்டில் பாருங்கள். மண் கொட்டி மேடாக்கிய இடம் நாளை வழக்காகலாம்.

● கார்த்திகை, மார்கழியில் விடியற்காலையில் போய் மனையைப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் உப்புக் கறை எதுவரை இருக்கிறதோ, அதற்கு மேலேதான் உங்கள் தரை இருக்க வேண்டும்.

● மண் பரிசோதனை இல்லாமல் அஸ்திவாரம் வேண்டாம். கான்கிரீட் கலக்க உப்புத் தண்ணீரும் கடல் மணலும் கூடாது.

● கூரை சரிவாக இருக்கட்டும். இறவாரம் மூன்றடியாவது வெளியே நீளட்டும். ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிர் ஜன்னல் தேவை.

● நீச்சல் குளத்துக்கு முன் மழைநீர்த் தொட்டி.

பள்ளுருத்தியில் காலை ஒன்பது மணிக்குள் தண்ணீர் வடியத் தொடங்குகிறது. வசதி உள்ளவர்கள் இப்போது புதிய வழியொன்றைப் பிடித்திருக்கிறார்கள். 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளமெங்கும் பரவிய வழி அது. சுவரின் அடியை வெட்டி, வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்து, முழு வீட்டையும் அங்குலம் அங்குலமாக மூன்றடி, நான்கடி உயர்த்தி, கீழே புதிய அஸ்திவாரம் கட்டுகிறார்கள். லாரிக்கு டயர் மாற்றுவதுபோல வீட்டுக்கு அடித்தளம் மாற்றுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துச் சேற்றைத் தள்ளுகிறார்கள்.

இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்த ஒன்று விளம்பரத் தாளில் இல்லை. வீட்டுக்குக் கடல் தெரிகிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. கடல் எந்த மாதம், எந்தப் படிவரை வரும் என்பதைத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள்.